துளையில்லாத டை

எங்கள் முதலாளியின் அறையில் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. தாமரை மொட்டுப் போலச் செதுக்கிய கண்ணாடியில் 'சிறந்த புதுமைக்கான விருது' என்று ஆங்கிலத்தில் தங்க எழுத்து. தொழிற்பேட்டைச் சங்கம் ஆண்டு விழாவில் கொடுத்தது. அந்தச் சங்கத்தின் கமிட்டியில் அவரும் இருந்தார் என்பதைப் பலகையில் யாரும் பொறிக்கவில்லை. தினமும் காலையில் ஊதுபத்தி கொளுத்தினால் பெருமாள் படத்துக்கு மூன்று சுற்று, கண்ணாடிப் பலகைக்கு ஒரு சுற்று. புகை பட்டுப் பலகையின் ஓரம் பழுப்பேறிவிட்டது.

அந்தப் பட்டறையில் நான் பதினெட்டு வருடமாக இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பட்டறை சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது. எனக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். சித்தூர் மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அதிகம் பேச மாட்டேன். சபையில் வேதபாடம் வாசிக்க ஒரு முறை என்னைக் கூப்பிட்டார்கள். பாதியில் குரல் அடைத்துக்கொண்டதால் அதன் பிறகு கூப்பிடவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நாங்கள் செய்வது தோட்டா இல்லை. இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கப் பல வருடம் ஆயிற்று. துப்பாக்கியால் சுட்ட பிறகு தோட்டாவின் பித்தளைக் கூடு மிஞ்சும். வெடித்த வேகத்தில் அது கொஞ்சம் உப்பியிருக்கும். வெளிநாட்டில் சிலர் அதைக் குப்பையில் போடாமல், எண்ணெய் தடவி, ஓர் இரும்பு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி உபயோகிக்கிறார்களாம். அந்த அச்சுக்குப் பெயர் டை. அழுத்துகிற கைப்பிடி இயந்திரம் பிரஸ். பூரி பிரஸ்ஸை நிமிர்த்தி வைத்துக் கால் கொடுத்தது போல இருக்கும். இந்த இரண்டையும் செய்து கப்பலில் அனுப்புவதுதான் எங்கள் வேலை.

கூடு என்று சொன்னேனே, அதில் ஒன்றுகூட எங்கள் பட்டறைக்குள் வந்ததில்லை. காலிக் கூட்டைக் கையில் வைத்திருந்தாலே போலீஸ் வரும் என்று முதலாளிக்குப் பயம். எனவே லேத் ஓட்டுகிறவரும் பார்த்ததில்லை, டிராயிங் போடுகிறவரும் பார்த்ததில்லை, அளந்து பாஸ் பண்ணுகிற நானும் பார்த்ததில்லை. தலையைப் பார்க்காமலே தொப்பி தைக்கிற கூட்டம் நாங்கள். அதற்குத்தான் அந்தக் கண்ணாடித் தாமரை.

புதுமை எங்கிருந்து வரும் என்றால், முதலாளியின் மச்சானுடைய பெட்டியிலிருந்து வரும். மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தரம் திருமலையில் மொட்டை போட வருவார். அலிபிரியிலிருந்து நடந்தே ஏறுவதாக வேண்டுதல். ஏறுவதற்கு முன்னால் பட்டறைக்கு வந்து பெட்டியைத் திறப்பார். வேட்டி துண்டுகளுக்கு நடுவே ஏதாவது ஒரு கம்பெனியின் பிரஸ்ஸோ டையோ சுற்றி வைத்திருப்பார். அவர் மலையிறங்கி வருவதற்குள் அதைக் கழற்றி அளவெடுத்து முடித்துவிடுவார்கள். அதன் பிறகுதான் ஆராய்ச்சி. அசல் சிவப்பாக இருந்தால் எங்களுடையது நீலம். அசலில் கைப்பிடி உருண்டை என்றால் எங்களுடையது முட்டை வடிவம். ஒரு வருடம் முட்டையை மறுபடி உருண்டையாக்கி அதையும் புதுமை என்று அச்சடித்தார்கள்.

எங்களுக்கு மூன்று ஷெட் தள்ளி இன்னொரு பட்டறை இருக்கிறது. அவர்கள் எங்கள் நீலப் பிரஸ்ஸைப் பார்த்துப் பச்சையில் ஒன்று போட்டார்கள். அன்றைக்கு முதலாளி கொதித்ததைப் பார்க்க வேண்டும். சங்கத்துக்குப் புகார் எழுதப் போவதாகப் பட்டறை நடுவில் நின்று கத்தினார்.

"தொங்க நா கொடுக்குலு. அதி மன டிசைன். ராத்திரி பகல் யோசிச்சிப் பண்ண டிசைன்."

திருட்டுப் பசங்க என்று தெலுங்கில் திட்டுகிறார் என்பது அங்கே எல்லோருக்கும் புரியும். லேத்தில் இருந்த அண்ணன் தலை நிமிரவில்லை. விஜயபுரத்துக்காரர், நிலத்தில் கடலை பயிரிட்டுக்கொண்டே இருபது வருடமாக டர்னர் வேலையும் பார்க்கிறவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனால் பட்டறை வழக்கப்படி என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணா என்பேன். முதலாளி போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரு யோசிச்சதுக்கா? மச்சான் பொட்டிதானே யோசிச்சது."

கடன் வாங்கிய டிசைன் என்பதற்காக நான் யாரையும் இளக்காரம் செய்யவில்லை. எந்த நாட்டு டையை எடுத்தாலும் எந்த நாட்டு பிரஸ்ஸிலும் மரை பொருந்தும். எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டதால் கிடைத்த சௌகரியம் அது. மச்சானுடைய சிவப்புக் கம்பெனியும் முதலில் யாரையோ பார்த்துத்தான் போட்டிருக்கும். எங்கள் சபையில் பாடும் ஞானப்பாட்டுகளில் பாதிக்கு மெட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. வந்ததைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் எங்கள் முன்னோர் பாடினார்கள். பார்த்து எடுப்பது வேறு. எங்கள் பட்டறையில் பார்க்காமலே எடுத்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருடம் மச்சான் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தார். பெட்டியில் புதிய டை ஒன்று இருந்தது, வழவழவென்று, விரல் நீளத்தில். பூஜைத் தட்டில் அளவெடுக்கிற வெர்னியர், ஸ்பேனர், பேனாக்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் அதையும் வைத்தார்கள். லேத்துக்குச் சந்தனம், டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனம், கம்ப்யூட்டர் மவுஸுக்குக்கூடச் சந்தனம். டைக்கு மூன்று இடத்தில் கெட்டியாக அப்பி மேலே குங்குமம் வைத்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. நான் பூஜையில் நிற்பதில்லை. வெளியே வேப்பமரத்தடியில் இருப்பேன். முடிந்ததும் பொரியும் சுண்டலும் எனக்கும் ஒரு பொட்டலம் வந்துவிடும். அதில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள்.

அன்றைக்கே டிராயிங் வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். ஒரு வெளிநாட்டு ஆர்டர் காத்திருந்தது. டிராயிங் போடுகிறவர் இன்ஜினியரிங் படித்தவர், திருத்தணியிலிருந்து ரயிலில் வருவார், நெற்றியில் எப்போதும் விபூதி இருக்கும். டையை ஒரு வாழையிலைத் துண்டில் ஏந்திக்கொண்டு வந்து வெர்னியரைத் திறந்தார். லேத் அண்ணன்தான் கேட்டார்.

"சார், சந்தனம் அப்பிக்கினு கீதே. தொடச்சிட்டு அளக்கக் கூடாதா?"

"பூஜை பண்ணதுண்ணா. மூணு நாளைக்குத் தொடைக்கக் கூடாது."

"அப்புறம் அளவு?"

"சந்தனத்துக்கு அரை மில்லி கழிச்சிக்கறேன்."

படித்தவர் சொன்னது அது. சந்தனத்துக்கு அரை மில்லி. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பொரியைப் பார்த்தேன்.

மூன்று நாளுக்குப் பிறகாவது யாராவது துடைத்திருக்கலாம். அதற்குள் டிராயிங் வந்துவிட்டது, சாம்பிளைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அலமாரிச் சாவி என்னிடம்தான். மாதிரிக்கும் செய்ததற்கும் ஒப்பிட்டுப் பார்க்கிற உரிமை எனக்கு இருந்தது. நானும் துடைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பூஜைக்கு மறுநாள் என் மைக்ரோமீட்டர் பெட்டியில் இருந்த குங்குமத்தைத் துடைத்தேன். அளக்கும்போது விரலில் ஒட்டியது, அவ்வளவுதான். ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர், "சர்ச்சுக்காரங்க, அதான் தொடைக்கிறாங்க" என்றார். யாரும் சண்டை போடவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குக் காபி கடைசியில்தான் வந்தது. அதிலிருந்து பொட்டு வைத்த எதையும் நான் தொட்டதில்லை. அவர்கள் பக்தியால் துடைக்கவில்லை, நான் பயத்தால் துடைக்கவில்லை. சந்தனம் நிம்மதியாகக் காய்ந்து கல்லாயிற்று.

டிராயிங்படி டை ஓடத் தொடங்கியது. உள்ளளவைப் பார்க்க என்னிடம் ஒரு கேஜ் உண்டு. அதை விட்டுப் பார்ப்பேன். சரியாக இறங்கினால் ஸ்லிப்பில் என் பெயரின் இரண்டு எழுத்தைப் போடுவேன். இறங்காவிட்டால் சிவப்பு டேக் கட்டி 'ஆகாது' என்று ஒதுக்கி வைப்பேன். அண்ணன் கடைந்த டைகள் ஒன்றுவிடாமல் சரியாக இறங்கின.

ஒரு நாள் முதலாளி இன்டர்நெட்டில் வேறு கம்பெனிகளின் டை படங்களைப் பார்த்துவிட்டு டிராயிங் போடுகிறவரைக் கூப்பிட்டார். எல்லாப் படத்திலும் உடம்பில் ஊசிக்காது அளவில் ஒரு துளை இருக்கிறதே, நம்முடையதில் எங்கே என்று கேட்டார். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அதெல்லாம் பழைய மாடல் சார். மச்சான் சார் எடுத்துக்கினு வந்தது லேட்டஸ்ட். ஹோல் கிடையாது."

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மாதம் வழவழ காகிதத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. துளையில்லாத ஒரே உடல், தூசி புகாது, உறுதி அதிகம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சங்கத்துக் கூட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினாராம். துளை ஏன் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் பார்த்துப் போட்டவர்கள். எப்படிக் கேட்பார்கள்?

டையோடு பெட்டியில் ஒரு உபயோகக் குறிப்பும் போவது வழக்கம். அதை எழுத எங்களில் ஆள் இல்லை. மச்சான் கொண்டுவந்த டையோடு இருந்த தாளைத் திருப்பதியில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி அப்படியே அச்சடித்தார்கள். இதைப் பிறகு சொல்கிறேன்.

டைகள் கப்பலேறி நான்கு மாதம் கழித்துப் புகார் வந்தது. வாங்கியவர்கள் போட்டோ அனுப்பியிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். பித்தளைக் கூட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் போட்டோவில்தான். சின்ன பாட்டில் மாதிரி, உடம்பு, தோள், கழுத்து. தோளில் பெருவிரலால் அமுக்கியது போல ஒரு குழி. எல்லாப் போட்டோவிலும் அதே இடத்தில் குழி.

"ஏம்மா, இது நீ பாஸ் பண்ணதுதானே?"

"ஆமா சார்."

"கேஜ் போட்டுப் பாத்தியா, சும்மா சைன் போட்டியா? நிஜம் செப்பு."

"போட்டுப் பாத்தேன் சார்."

"அப்ப இது எட்லா நசுங்குது?"

பக்கத்தில் டிராயிங் போடுகிறவர் நின்றார். "டிராயிங்ல மிஸ்டேக் இல்ல சார். சாம்பிள் எப்படியோ அப்படி."

முதலாளி ஒரு தாளைத் தள்ளினார். வாங்கியவர்கள் அனுப்பிய படிவம். காரணம், பொறுப்பானவர், எடுத்த நடவடிக்கை என்று மூன்று கட்டம். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

"டிராயிங் மேல எழுதினா கம்பெனி டிசைன் தப்புன்னு ஆயிடும். டர்னரை எழுதினா ஆள் கிடைக்க மாட்டான். ஸ்லிப்ல உன் சைன்தான் இருக்கு. இன்ஸ்பெக்டர் கவனக்குறைவு, நீக்கப்பட்டார்னு போட்டுடலாம். பேருக்குத்தான்மா. உன்னை அனுப்பிட மாட்டேன். பேக்கிங்ல உக்காந்துக்கோ."

தயவாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மேஜை இல்லாவிட்டால் எனக்கு உலகத்தில் வேறு எங்கும் பேச்சில்லை. வீட்டிலும் சபையிலும் மற்றவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். இன்ஸ்பெக்ஷன் மேஜையில் மட்டும்தான் வாய் திறக்காமலே ஒரு பொருளை 'ஆகாது' என்று நான் நிறுத்த முடியும். முதலாளியே வந்து கேட்டாலும் கேஜைக் காட்டுவேன், போய்விடுவார். பதினெட்டு வருடம் ஒரு தப்பான பொருளை என் எழுத்துப் போட்டு அனுப்பியதில்லை. இனி கடலுக்கு அந்தப் பக்கம் நான் கவனமில்லாத ஒருத்தி.

செவ்வாய்க்கிழமையே பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள். டையை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மேலே உபயோகக் குறிப்பை மடித்து வைத்து, டப்பாவை மூட வேண்டும். அதற்கு மூளை வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பொழுது போகாமல் அந்தத் தாளைப் படித்தேன். என் ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆங்கிலம். அதனால் எதையும் விட்டுவிட்டுப் படிக்க எனக்குத் தெரியாது. ஆறாவது வரி இப்படிச் சொன்னது: எண்ணெய் அதிகமானால் வெளியேறும் துளை அடைபடாமல் அடிக்கடி சுத்தம் செய்யவும்.

மறுபடி படித்தேன். துளை என்றுதான் இருந்தது. துளையில்லாத டை என்று பெருமை அடித்த கம்பெனி, துளையைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி அனுப்பியிருக்கிறது. முதலாளி படிக்கவில்லை. டிராயிங் போடுகிறவர் படிக்கவில்லை. டி.டி.பி. கடைக்காரர் கம்பெனி பெயரை மாற்றும் அளவுக்கு மட்டும் படித்திருக்கிறார்.

அலமாரிச் சாவியை இன்னும் என்னிடமிருந்து வாங்கவில்லை. சாம்பிளை எடுத்து லேத் பக்கம் போனேன். அண்ணன் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இதுல பொட்டு வெச்சிக்கீது. தொடைக்கணும். நான் தொடச்சா ஏதாவது சொல்வாங்க."

"ஆயுத பூஜை முடிஞ்சி பொங்கலும் போயிட்சி. இன்னும் இன்னாக்கா சொல்வாங்க? குடு இப்படி."

"இல்லண்ணா. நானே தொடைக்கறேன். நீ கூட நில்லு, போதும்."

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். முதல் பொட்டு வந்துவிட்டது, அடியில் வெறும் இரும்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பொட்டின் குங்குமம் போயிற்று, சந்தனம் போயிற்று, நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் போகவில்லை. ஊசியால் குத்தினேன். உள்ளே இறங்கியது. சின்ன மெழுகுத் துண்டு போலச் சந்தனம் ஒரே கட்டியாக வெளியே வந்து மேஜையில் விழுந்தது.

அண்ணன் டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். துளை வழியாக டைக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தது.

"அட பாவி. அரை மில்லி கழிச்சான். ஓட்டையைக் கழிக்கலியே."

துளை இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அது இல்லாததால்தான் குழி விழுந்தது என்பதைக் காட்ட வேண்டும். கூடு எங்களிடம் இல்லை. முதலுதவிப் பெட்டியில் கண் மருந்து டியூப் இரண்டு கிடந்தது ஞாபகம் வந்தது.

"கண்ணு மருந்தை வெச்சி இன்னாக்கா பண்ணப் போற?"

"இதுக்கும் தோளு, கழுத்து எல்லாம் கீது பாருண்ணா. போட்டோல கீற மாதிரியே."

மருந்தைப் பிதுக்கி எடுத்துவிட்டு, நசுங்காத பக்கமாக வெட்டி, அண்ணன் ஒரு மரக்குச்சியைக் கடைந்து, தோளை முட்டாமல் உள்ளே செருகிக் கொடுத்தார். அவருக்கும் வேகம் வந்துவிட்டது. கொஞ்சம் இளக்கமாக இருந்ததால் ஒரு சுற்று செலோடேப் ஒட்டினோம். வெளியே கிரீஸ் தடவி, எங்கள் டைக்குள் கையாலேயே அழுத்தினார். பாதியில் முட்டியது. இன்னும் அழுத்தினார். வெளியே எடுத்தால் தோளில் ஒரு குழி, போட்டோவில் பார்த்த அதே குழி. போக வழியில்லாத கிரீஸ் டியூப்பை உள்ளே அமுக்கியிருக்கிறது. இரண்டாவது டியூப்பைச் சாம்பிளில் அழுத்தினார். துளை வழியாகக் கிரீஸ் புழு மாதிரி நெளிந்து வெளியே வந்தது. டியூப்பின் தோள் வழவழவென்று அப்படியே இருந்தது.

"போய்ச் சொல்லுக்கா."

"நீ சொல்லுண்ணா."

"என்னை இன்னா பேக்கிங்கிலயா உக்கார வெச்சாங்க? உன் சீட்டு. நீ சொல்லு."

முதலாளி அறைக்குப் போனேன். அவர் போனில் இருந்தார். நின்றேன். பேச வேண்டியதை மனதில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது முறை முதல் வார்த்தை மறந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். என் பழைய மேஜை காலியாக இருந்தது. இழுப்பறையில் சிவப்பு டேக் கட்டு கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து எனக்குத் தெரிந்த மாதிரி எழுதினேன். பொருள்: டிராயிங். மாதிரியில் துளை உண்டு. டிராயிங்கில் துளை இல்லை. உபயோகக் குறிப்பு ஆறாவது வரி பார்க்கவும். ஆகாது. கீழே என் இரண்டு எழுத்து. டிராயிங் தாளின் மூலையில் ஓட்டை போட்டு அந்த டேக்கைக் கட்டினேன். பதினெட்டு வருடத்தில் இரும்புக்குத்தான் டேக் கட்டியிருக்கிறேன், காகிதத்துக்குக் கட்டியது அன்றைக்குத்தான். சாம்பிளையும், இரண்டு டியூப்பையும், அந்தச் சந்தனக் கட்டியையும் சேர்த்து ஒரு டிரேயில் வைத்து, கண்ணாடித் தாமரைக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

கால் மணி நேரம் கழித்து முதலாளி என்னையும் அண்ணனையும் டிராயிங் போடுகிறவரையும் கூப்பிட்டார். டேக்கைப் படித்திருந்தார். சந்தனக் கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏமய்யா இதி?" என்று டிராயிங் போடுகிறவரைக் கேட்டார்.

"பூஜை சாம்பிள் சார். எப்படித் தொடைக்கறது?"

"தேவுடு தொடைக்க வேணாம்னாரா?"

"நீங்கதான் சார் அன்னிக்கே வேணும்னீங்க."

"பூஜையும் நீங்கதான் பண்ணீங்க" என்று லேத் அண்ணன் மெதுவாகச் சேர்த்தார்.

முதலாளி அவரை முறைத்தார். பிறகு டியூப்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. இரும்பு தெரிந்தவர், ஒரு காலத்தில் லேத் ஓட்டியவர். என்ன நடந்தது என்று அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்திருக்கும். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று நான் காத்திருந்தேன். ஒரு நொடி வந்தது போலத்தான் இருந்தது. அதற்குள் அது யோசனையாக மாறிவிட்டது.

"பாகுந்தி. நல்லாருக்கு. கஸ்டமர் கருத்தைக் கேட்டு புதுசா ஒரு ஹோல் கொடுக்கிறோம்னு எழுதலாம். டிசைன் அப்கிரேட்."

டிராயிங் போடுகிறவர் உடனே தலையாட்டினார். "நியூ வெர்ஷன் சார்."

"நீ போய் உன் சீட்ல உக்காரும்மா" என்றார் என்னிடம். "டிராயிங்குக்கு எல்லாம் டேக் கட்டக் கூடாது."

சீட் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமும் கிடைத்தது. அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஸ்டாக்கில் இருந்த டைகளுக்கு அண்ணன் இரண்டே நாளில் துளை போட்டார். புதிய நோட்டீஸ் வந்தது. துளையுள்ள டை, எண்ணெய் தங்காது, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு. பழைய நோட்டீஸ் கட்டுகளைச் சுண்டல் மடிக்க எடுத்துக்கொண்டோம். மூன்று ஷெட் தள்ளி இருக்கும் பட்டறைக்காரர்கள் அதற்குள் எங்கள் முதல் டையை வாங்கி அளவெடுத்து, துளையில்லாமலே அச்சு அசலாக இறக்கிவிட்டார்கள். தூசி புகாது என்று அவர்களும் நோட்டீஸ் போட்டார்கள். எங்கள் பூஜைச் சந்தனம் அவர்கள் டையிலும் அடைத்துக்கொண்டிருந்தது, அவர்களுக்குத் தெரியாமல். முதலாளி அதைக் கேட்டுச் சிரித்தார். முட்டாள்கள், பார்த்துக் காப்பியடிக்கக்கூடத் தெரியவில்லை என்றார். நிஜமாகவே அப்படிச் சொன்னார்.

வாங்கியவர்களுக்குப் போன படிவத்தின் நகல் இரண்டு வாரம் கழித்து என் மேஜைக்கு வந்தது, ஃபைல் செய்ய. புதிய துளையைப் பற்றி அழகாக எழுதியிருந்தது. அதற்கு மேலே மூன்று கட்டமும் நிரப்பியிருந்தது. காரணம், கவனக்குறைவு. பொறுப்பானவர் என்ற கட்டத்தில் என் இரண்டு எழுத்து. எடுத்த நடவடிக்கை, நீக்கப்பட்டார்.

அதை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளிக்கே கொஞ்சம் சங்கடம்.

"அதான் உன்னை வெச்சிருக்கேனேம்மா. அவங்களுக்கு ஏதாவது ஒரு பேர் வேணும். கட்டத்தைக் காலியா அனுப்பக் கூடாது. ஒண்ணு பண்ணு. இனிமே ஸ்லிப்ல சைனை மாத்திப் போடு. என் பொண்ணு பேர்ல ரெண்டு எழுத்து போடு. எவனும் கேக்க மாட்டான்."

டிசைனை மாற்றுவது போலத்தான் இதுவும். சிவப்பை நீலமாக்கு, உருண்டையை முட்டையாக்கு, ஆளை அழித்துவிட்டு இன்னொரு பெயரை ஒட்டு. குரல் அடைத்தது. அடைத்த குரலிலேயே சொன்னேன்.

"மாத்த மாட்டேன் சார்."

"என்னம்மா?"

"எதை நான் பார்த்தேனோ அதுல என் சைன்தான் போடுவேன். வேணாம்னா பேக்கிங்குக்கே போறேன்."

நான் பேசியதே அவருக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும், நிஜமான புதுமை. துளையைக் கண்டுபிடித்த ஆளைப் பேக்கிங்குக்கு அனுப்பினால் அடுத்த டையில் என்ன அடைத்திருக்கிறது என்று யார் பார்ப்பார்கள் என்றும் யோசித்திருப்பார். "கஸ்டமர் பார்த்தான்னா நான் இன்னா சொல்றது" என்று முணுமுணுத்துவிட்டு ஊதுபத்திச் சாம்பலைத் தட்டினார். போ என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த கப்பலுக்கு முந்நூறு டை போயிற்று. முந்நூறு ஸ்லிப்பிலும் என் இரண்டு எழுத்து. நீக்கப்பட்டவளின் எழுத்து. நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. வாங்கியவர்களிடமிருந்து ஒரே ஒரு மெயில் வந்தது. புதிய இன்ஸ்பெக்டரின் வேலை மிகவும் திருப்தி, பழையவரை நீக்கியது நல்ல முடிவு என்று எழுதியிருந்தார்கள். முதலாளி அதை அச்செடுத்து எனக்கே காட்டினார்.

அவர்களும் படிப்பதில்லை. எங்கள் டி.டி.பி. கடைக்காரருக்கும் அவர்களுக்கும் நடுவில் கடல் ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் மச்சான் வந்தார், பெட்டியில் புதிதாக ஒன்று இருந்தது. தட்டில் வைத்தார்கள், சந்தனம் அப்பினார்கள். பொரி வாங்கிக்கொண்டு நான் மேஜைக்குத் திரும்பும்போது டிராயிங் போடுகிறவர் அதை வாழையிலையில் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். வெர்னியர் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அக்கா, நீங்க தொடச்சிக் குடுங்களேன். நீங்கன்னா பாவம் வராது."

அவருக்கு வரக் கூடாத பாவம் எனக்கு வந்தால் பரவாயில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். எல்லோர் எதிரிலும், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று பொட்டையும் அழுத்தித் துடைத்தேன். காபி அன்றைக்கு எனக்குத்தான் முதலில் வந்தது.